பாஹோம் வாங்கிய முதல் நிலம்

அன்புள்ள ஐயா,

நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழாசிரியை. டால்ஸ்டாயின் 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?' கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒரு பகலில் நடந்து வளைக்கிற நிலமெல்லாம் ஆயிரம் ரூபிளுக்கு உனக்கு என்று பாஷ்கிர்கள் என்ற புல்வெளி மேய்ப்பர்கள் சொல்ல, பாஹோம் பொழுது சாய்வதற்குள் திரும்ப ஓடிவந்து விழுந்து சாகிறானே, அந்தக் கதை. பேராசை கூடாது என்று முடித்தேன். ஒரு மாணவன் எழுந்து, "மத்தியானமே திரும்பியிருந்தா அவன் நல்லவனா மிஸ்?" என்றான். பதில் தெரியவில்லை. கதையில் சாத்தான் எதற்கு? எந்த மொழிபெயர்ப்பு நல்லது?

அன்புள்ள ஆசிரியைக்கு,

கையில் கிடைக்கும் மொழிபெயர்ப்பைப் படியுங்கள். சாத்தானை விட்டுத்தள்ளுங்கள். உங்கள் மாணவன் கெட்டிக்காரன், அவன் முன்னால் விழித்துக்கொண்டு நின்றதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் கதையின் கடைசி ஓட்டத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பாஹோமுக்கு நில ஆசை எங்கே பிடித்தது? பக்கத்துப் பண்ணையின் சீமாட்டி ஒரு பழைய பட்டாளத்தானைக் காரியஸ்தனாக வைக்கிறாள். பாஹோமின் குதிரை அவள் ஓட்ஸ் வயலில் வாய் வைத்தால் அபராதம், மாடு தோட்டத்தில் நுழைந்தால் அபராதம். கட்டிவிட்டு வந்து வீட்டில் இருப்பவர்களை அடிக்கிறான். குளிர்காலத்தில் மாடுகளைக் கொட்டிலில் அடைக்கும்போது, தீனிச் செலவு போனாலும் பயம் விட்டதே என்று நிம்மதியாகிறான். இதுவா பேராசை? 1861இல் ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தபோது, பல ஊர்களில் விவசாயிகள் அதுவரை அனுபவித்த நிலத்தில் ஒரு பகுதியை ஜமீன்தார்கள் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். மேய்ச்சல் தரை, தண்ணீர்த்துறை எல்லாம் அதில் போயின. மிச்ச நிலத்துக்கும் தவணைப் பணம் கட்ட வேண்டும். மாடு வேறெங்கே போகும்?

அப்புறம் சீமாட்டி நிலத்தை விற்கிறாள். பாஹோம் சேர்த்து வைத்த நூறு ரூபிள், ஒரு குதிரைக்குட்டி, தேனீக்களில் பாதி, மகனைக் கூலிக்கு விட்டு வாங்கிய முன்பணம், சகலையிடம் கைமாற்று, எல்லாம் சேர்த்துப் பாதி விலை தேறுகிறது. அதில் 15 தெஸ்யாத்தீன், நாற்பது ஏக்கர் மாதிரி, அவனுடையதாகிறது. இதைப் படித்துவிட்டு 'பேராசை' என்று கரும்பலகையில் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இந்தக் கதையை நான் முதலில் கேட்டது எங்கள் ஊர்ப் பெரிய நிலக்காரர் ஒருவர் வாயால். குத்தகைக்கு உழுதவர் தோப்பை ஒட்டிய அரை ஏக்கரைக் கிரயத்துக்குக் கேட்டு வந்து நின்றார். அவருக்குத்தான் கதை. "கடைசியில ஆறடிதாம்ப்பா" என்று முடித்தார். வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். தோப்பும் அரை ஏக்கரும் பெரியவரிடமே இருந்தன. அன்றிலிருந்து, ஆறடி போதும் என்று யார் சொன்னாலும் அவர் பேரில் எத்தனை பட்டா என்று கேட்கத் தோன்றுகிறது. டால்ஸ்டாயிடமும் கேட்கலாம். குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸ் குடித்து உடம்பைத் தேற்ற ரஷ்யாவின் சமாரா பக்கம் போனவர், 1871இல் அங்கேயே 2,500 தெஸ்யாத்தீன் வாங்கினார், 6,000 ஏக்கருக்கு மேல். கதை எழுதியது 1886இல். அதனால்தான் அந்த ஓட்டத்தை அப்படி எழுத முடிந்தது என்பேன். மூன்று அர்ஷின், ஏழடி மாதிரி, நிலம் பிணத்துக்குத்தான் போதும், மனிதனுக்கு இல்லை என்று 1898இல் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் பாத்திரம் ஒன்று வாதாடுகிறது. நான் செகாவ் கட்சி.

ஆனாலும் டால்ஸ்டாய் பெரிய ஆள். பாஹோம் கெட்டுப்போகும் இடத்தை அவர் புல்வெளியில் வைக்கவில்லை. நிலம் வாங்கிய கொஞ்ச காலத்திலேயே அக்கம்பக்கத்து மாடுகள் அவன் வயலில் இறங்குகின்றன. நிலம் போதாமல்தான் இப்படி நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் வழக்குப் போட்டு அபராதம் வாங்கித் தருகிறான். இரவில் எவனோ செருப்புப் பின்னும் நாருக்காக இவன் லிண்டன் மரங்களை வெட்டிவிட, ஊர்க் குடியானவன் சியோம்கா மேல் சந்தேகம். சாட்சி இல்லை, சியோம்கா விடுதலை. பாஹோம் நீதிபதிகளோடு சண்டைக்குப் போகிறான். பட்டாளத்துக் காரியஸ்தன் இப்போது இவனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

சரி, பையனின் கேள்வி. மத்தியானமே திரும்பியிருந்தால் பாஹோம் பிழைத்திருப்பான், பாஷ்கிர்களின் மாடுகளுக்கு அபராதம் போட்டுக்கொண்டு. நாளை வகுப்பில் சியோம்கா வழக்கை நடத்துங்கள். அந்தப் பையன் நீதிபதியாக இருக்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.