புரண்டு படுத்தால் சுற்றுகிறது, காலை ஊன்றினால் குத்துகிறது

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பீடி சுற்றுகிறார். மூன்று மாதமாகப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே வீடு சுற்றுகிறது என்கிறார். பித்தம் என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தோம். கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள், பட்டை போட்டோம். மாத்திரைக்கும் கேட்கவில்லை. வலது பாதத்தில் கால் ஆணி வேறு. எருக்கம்பால் வைத்துப் பார்த்தார். இப்போது பிளேடால் அறுத்துவிடுகிறேன் என்கிறார். என்ன செய்ய?
– வாசகி, முக்கூடல்

பதில்: முதலில் அம்மா கையிலிருந்து அந்தப் பிளேடை வாங்கி வையுங்கள், தங்கச்சி. எருக்கம்பாலும் வேண்டாம். அது தோலை வெந்துபோகச் செய்யும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. பாதத்தைத் தொடும் முன் எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். சர்க்கரை கூடி நரம்பு மரத்தவருக்கு அறுத்தது வலிக்காது, புண்ணானதும் தெரியாது. வீட்டில் ஆணியைச் செதுக்கிக்கொண்டு பத்து நாள் கழித்து வந்த விவசாயி ஒருவருக்கு விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் அவருக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது.

கால் ஆணிக்கு வேர் கிடையாது. ஒரே இடத்தில் அழுத்தமும் உரசலும் விழுந்துகொண்டே இருந்தால், தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அந்தத் தடிப்பின் நடுமுனை கூராகி உள்ளே குத்துவதுதான் வலி. அறுத்து எடுத்தாலும் அழுத்தம் அப்படியே இருந்தால் மறுபடி வளரும். அம்மாவின் ரப்பர் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஆணி இருக்கும் இடத்துக்கு நேராக அடிப்பாகம் தேய்ந்து காகிதமாகியிருக்கும். மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுங்கள். தினமும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை வைத்து, நுரைக்கல்லால் மேல்தோலை மட்டும் மெல்லத் தேய்க்கட்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் கார்ன் கேப்பில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. அது பக்கத்து நல்ல தோலையும் தின்னும். சர்க்கரை இருப்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் அதை ஒட்டவே கூடாது. நேராக அழுத்துவதைவிட இரு பக்கமும் கிள்ளினால் அதிகம் வலித்து, நடுவில் கரும்புள்ளிகளும் தெரிந்தால் அது ஆணியல்ல, மருவாக இருக்கலாம். அது வைரஸால் வருவது, வைத்தியமும் வேறு.

இனி தலைச்சுற்றல். ‘வலப்பக்கம் புரண்டாலே’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் முக்கியமான வரி அதுதான்.

என் ஆச்சி பல வருடம் இடப்பக்கமே படுத்தாள். மறந்து வலப்பக்கம் திரும்பினால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, “பித்தம் தலைக்கு ஏறிட்டு” என்பாள். நான் மருத்துவம் படித்து முடிக்கும்போது அவள் இல்லை. என்ன நோய் என்று பாடத்தில் தெரிந்துகொண்ட அன்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

உட்காதில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புப் படிகங்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்பவை அவை. வயதானாலோ தலையில் அடிபட்டாலோ, சிலருக்குக் காரணமே தெரியாமலும், அவை இடம் பெயர்ந்து பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். புரளும்போது குழாயில் உள்ள நீரை அவை இழுக்க, தலையே சுழல்கிறது என்று மூளை ஏமாறும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். சுற்றும் நேரத்தில் அம்மாவின் கண்ணைப் பாருங்கள், கருவிழி துடித்துத் துடித்து ஓடும். அறுபது வயதில் யாருக்குக் கழுத்தைப் படம் எடுத்தாலும் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதை வைத்து முடிவு கட்டியதில் எனக்கு உடன்பாடில்லை.

மாத்திரை குமட்டலைக் குறைக்கும், படிகத்தைப் பழைய இடத்தில் கொண்டு வைக்காது. தலையைத் திருப்பித்தான் அதை வெளியேற்ற வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-ல் எழுதி வெளியிட்ட முறை உலகெங்கும் நடப்பில் இருக்கிறது. வலக்காது என்றால், கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்து, முகத்தை வலப்பக்கம் பாதி திருப்பி, அப்படியே சட்டென்று மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். தலை கட்டில் விளிம்பில் சற்றுத் தாழ்ந்திருக்கும். சுற்றல் அடங்கும்வரை அரை நிமிடம் போல் பொறுத்து, தலையை மெல்ல இடப்பக்கம் திருப்புவார்கள். பிறகு உடம்போடு இடப்பக்கம் உருட்டி, முகம் தரையைப் பார்க்க வைத்து, கடைசியில் எழுப்பி உட்கார வைப்பார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே நின்றுவிடும். சில மாதம் கழித்துத் திரும்ப வந்தால் திரும்பச் செய்யலாம். முதல் தடவை வீட்டில் முயல வேண்டாம். எந்தக் காது என்று உறுதி செய்ய வேண்டும், கழுத்தையும் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

அதுவரை ஆற்றில் முங்கிக் குளிக்க விடாதீர்கள். பரணில் இருப்பதை அண்ணாந்து எடுப்பதும் வேண்டாம். எழும்போது கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழட்டும். நாக்குக் குழறினால், வாய் கோணினால், கை கால் ஒரு பக்கம் தளர்ந்தால், பார்ப்பது இரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாமல் தள்ளினால் அது வேறு, பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் எதுவும் கொடுக்காமல் கூட்டிப் போனால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்த்துவிடலாம். சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பழைய செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பாதத்தைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டலாம்.