சரோஜினி நகர் துணியும் மணிலா மேடையும்

கேள்வி: கல்லூரி அழகிப் போட்டியில் ஜெயித்த என் மகள், அடுத்து மிஸ் இந்தியா, அப்புறம் வெளிநாடு என்கிறாள். கவுனுக்கே லட்சங்கள் ஆகுமாமே?
- ஒரு அம்மா, ஆர்.கே.புரம், டெல்லி

பதில்: உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறதே அம்மா! 1994-ல் டெல்லிப் பெண் சுஷ்மிதா சென் மிஸ் இந்தியா மேடைக்குப் போட்ட கவுனின் துணி, நீங்கள் பேரம் பேசி வாங்கும் அதே சரோஜினி நகர் மார்க்கெட்டில் எடுத்தது, தைத்தவர் பாவாடை தைக்கும் உள்ளூர் தையல்காரர், கையுறையோ புது சாக்ஸை வெட்டிச் செய்தது. அவரே பேட்டியில் சொன்னதுதான். அன்று ஐஸ்வர்யா ராயோடு சமமாகி, கூடுதல் கேள்வியில் ஜெயித்தார். அதே வருஷம் மே மாதம் மணிலாவில், 18 வயதில், இந்தியாவின் முதல் மிஸ் யுனிவர்ஸ்.

அதற்காக இன்றும் சாக்ஸ் போதும் என்று சொல்ல மாட்டேன், இப்போது நடைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி என்று செலவு நிச்சயம் உண்டு. ஆனால் கடன் வாங்காதீர்கள். 2018 மிஸ் இந்தியா அனுகீர்த்தி வாஸ் நம்ம திருச்சிப் பெண்தான், அந்த வருஷ மிஸ் வேர்ல்டில் முதல் முப்பதோடு நின்றுவிட்டார். கிரீடம் நிச்சயமில்லை, டிகிரியை முடிக்கச் சொல்லுங்கள்.