பவுல் ‘விசுவாசம்’ என்கிறார், யாக்கோபு ‘கிரியை’ என்கிறார்: எது சரி?

கடலூர் லுத்தரன் வீட்டுப் பெண்ணுக்கும் புதுச்சேரி கத்தோலிக்க வீட்டுப் பையனுக்கும் சம்பந்தம் பேசும்போது, மனிதன் கடவுள்முன் நீதிமானாவது விசுவாசத்தாலா, கிரியையாலா (நற்செயலாலா) என்ற கேள்வி எழுந்தது என்கிறீர்கள். முதலில் கையிலுள்ள வேதாகமங்களைப் பாருங்கள். லுத்தரன் வீட்டில் ‘விசுவாசம்’, ‘நியாயப்பிரமாணம்’. கத்தோலிக்க வீட்டில் 1995 பொது மொழிபெயர்ப்பில் ‘நம்பிக்கை’, ‘திருச்சட்டம்’. ஒவ்வொரு ஜோடிக்கும் மூலச்சொல் ஒன்றுதான். பாதிச் சண்டை இதிலேயே வருகிறது.

பவுலின் வாதம் காலக்கணக்கில் நிற்கிறது. ஆபிரகாம் விசுவாசித்தது ஆதியாகமம் 15:6-இல். விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கும் சடங்கு) பெற்றதோ 17-ஆம் அதிகாரத்தில், 99 வயதில். இடையில், அவருடைய 86-ஆம் வயதில், இஸ்மவேல் பிறக்கிறான். ஆக, குறைந்தது 13 ஆண்டு முன்பே அவர் நீதிமானாக எண்ணப்பட்டுவிட்டார். சீனாய் மலையில் மோசே வழியாக வந்த சட்டம் 430 ஆண்டு பிந்தியது (கலாத்தியர் 3:17). பின்னால் வந்தது முன்னதற்கு நிபந்தனையாக முடியாது. என்ன அழகான வாதம்!

மனிதன் விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் யாக்கோபு 2:24-ஐ மட்டும் பிய்த்தெடுத்தால் முரண்பாடாகத் தெரியும். 15-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள்: பசித்தவனிடம் ‘பசியாறு’ என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவனைத்தான் கண்டிக்கிறார். பவுல் மறுப்பது விருத்தசேதனம் போன்ற சட்டத்தின் கிரியைகளை. அன்பினால் செயல்படும் விசுவாசத்தை அவரும் கேட்கிறார் (கலாத்தியர் 5:6).

இரு சபைகளும் 1999 அக்டோபர் 31-இல் இதுகுறித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன; பெரியவர்களிடம் அதையும் சொல்லுங்கள்.