சின்ன வெங்காயத்துக்கும் கடலை வெண்ணெய்க்கும் கீட்டோவில் இடம் உண்டா?

கேள்வி: அம்மா அவர்களுக்கு வணக்கம். எடை குறைப்பதற்காக மூன்று வாரங்களாகக் கீட்டோ உணவுமுறையைக் கடைப்பிடித்து வருகிறேன். நாளொன்றுக்கு மாவுச்சத்து 30 கிராமைத் தாண்டக் கூடாது என்று சொல்லி, உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு பட்டியல் தந்தார்கள். அதில் கேரட், பீட்ரூட், அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி), வெங்காயம் எல்லாமே விலக்கப்பட்டவை. சின்ன வெங்காயம் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு குழம்பும் கொதிக்காது. இவற்றை அறவே விட்டுவிடத்தான் வேண்டுமா?
– வாசகி, பல்லடம்

பதில்: விட வேண்டியதில்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் காயின் பெயரைப் பார்த்திருக்கிறாரே தவிர, ஒருவர் ஒரு வேளையில் அந்தக் காயை எவ்வளவு உண்பார் என்று பார்க்கவில்லை. பொதுவாகக் கீட்டோவில் நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராம் வரை மாவுச்சத்து அனுமதிக்கப்படுகிறது. அந்த எல்லைக்குள் நாம் நிற்கும்போது, கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உருவாக்கி உடலுக்கு எரிபொருளாகத் தருகிறது. அந்த மாவுச்சத்து கேரட்டிலிருந்து வந்ததா, கீரையிலிருந்து வந்ததா என்பது கல்லீரலுக்கு ஒரு பொருட்டே இல்லை. நாளின் மொத்தக் கூட்டுத்தொகைதான் கணக்கு.

எனவே கணக்கையே பார்த்துவிடுவோம். 100 கிராம் பச்சைக் கேரட்டில், உடல் செரிக்காத நார்ச்சத்தைக் கழித்தால், ஏறத்தாழ 7 கிராம் மாவுச்சத்து இருக்கிறது; பீட்ரூட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நாக்குக்கு இனிப்பாகத் தெரிவதால் எல்லோரும் அஞ்சும் அரசாணிக்காயில் 6 கிராம்தான். பீன்ஸிலும் வெண்டைக்காயிலும் 4 கிராமுக்குச் சற்று மேல், கத்தரிக்காயிலும் முட்டைக்கோஸிலும் 3 கிராம். சின்ன வெங்காயம் மட்டும் 11 கிராமைத் தாண்டும். பெரிய வெங்காயத்தைவிட அதில் சற்றுக் கூடுதல்.

இப்போது இதைச் சமையலுக்குக் கொண்டுவாருங்கள். பள்ளிபாளையம் சிக்கனை எடுத்துக்கொள்வோம். மசாலாப் பொடியோ மாவோ இல்லாமல் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, எண்ணெய் ஆகியவற்றைக் கொண்டே முடிகிற அந்த வறுவல், கீட்டோ என்ற பெயரைக் கேள்விப்படாமலேயே கீட்டோவுக்கு ஏற்றதாக அமைந்துவிட்டது. அரைக் கிலோ கறிக்கு 150 கிராம் வெங்காயம் உரித்துப் போட்டால் 17 கிராம் மாவுச்சத்து. நான்கு பேர் பகிர்ந்து உண்டால் ஒருவர் தட்டுக்கு 4 கிராமுக்குச் சற்று மேல் வரும். மதியத்துக்கு 50 கிராம் கேரட்டும் 50 கிராம் பீன்ஸும் கலந்து, தேங்காய் துருவிப் போட்ட பொரியல் வைத்தால், அதில் 7 கிராம். இரண்டையும் சேர்த்தாலும் உங்கள் 30 கிராமில் பாதிகூட ஆகவில்லை. ஆனால் 100 கிராம் சோற்றில் 28 கிராம் இருக்கிறது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அதே எடைக்கு 35 கிராமைத் தாண்டிவிடும். பட்டியலில் இருக்க வேண்டியது இந்தக் கிழங்குதான். (சேலம், நாமக்கல் பக்கத்து வாசகர்கள் என்மீது வருத்தப்பட வேண்டாம், அதே கிழங்கிலிருந்து வரும் ஜவ்வரிசிக்கும் இதே தீர்ப்புத்தான்.)

மூன்று இடங்களில் மட்டும் கவனம் தேவை. முதலாவது, அரசாணிக்காய்ப் பொரியலில் கடைசியாகப் போடும் வெல்லம்; 10 கிராம் வெல்லம் ஏறத்தாழ முழுவதும் சர்க்கரையே என்பதால், காயைவிட அதுவே உங்கள் கணக்கைக் கெடுக்கும். இரண்டாவது, சாறு, ஒரு டம்ளர் சாற்றுக்குக் கால் கிலோ கேரட் போய்விடும், நார்ச்சத்தும் வடிகட்டியிலேயே தங்கிவிடும். மூன்றாவது, நிறுக்கும் நேரம். வதங்கிய காய் நீரை இழந்து சுருங்கிவிடுவதால், நறுக்கிய பச்சைக் காயைத்தான் நிறுக்க வேண்டும். ஒரு வாரம் சிறிய தராசு ஒன்றை அடுப்பங்கரையில் வைத்து நிறுத்துப் பாருங்கள். பிறகு கைப்பிடியே அளவைச் சொல்லிவிடும்.

கேள்வி: பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டில் வேலை செய்கிறேன். சமைக்க நேரமில்லாததால் பீனட் பட்டர் பாட்டில் ஒன்றை வாங்கி, பசிக்கும்போதெல்லாம் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறேன். கீட்டோவுக்கு உகந்தது என்றுதான் சொன்னார்கள். முதலில் குறைந்த எடை இப்போது அப்படியே நிற்கிறது. ஏன்?
– வாசகர், திருப்பூர்

பதில்: காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘பசிக்கும்போதெல்லாம்’. இனிப்புச் சேர்க்காத நிலக்கடலை வெண்ணெயில், தலைதட்டிய இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 32 கிராம் எடுத்தால், சுமார் 190 கலோரியும் 16 கிராம் கொழுப்பும், நார்ச்சத்து நீங்கலாக 5 கிராம் மாவுச்சத்தும் கிடைக்கின்றன. பாட்டிலில் விட்டு வழித்தெடுக்கும் கரண்டி தலைதட்டியதாக இருப்பதில்லை. கோபுரம்போல் வரும் அப்படிப்பட்ட ஒரு கரண்டியே இந்த அளவை எட்டிவிடும். இரவில் நான்கு முறை எடுத்தால் மாவுச்சத்து 20 கிராம் ஆகிறது, கலோரியோ முழுச் சாப்பாட்டையும் மிஞ்சுகிறது. கேரட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் இந்தக் கரண்டியைக் கண்டு பயப்படாதது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

பாட்டிலின் பின்பக்கத்தையும் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் நிலக்கடலையும் உப்பும் மட்டும் இருந்தால் நல்லது. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று முன்பக்கத்தில் அச்சிட்டுவிட்டுப் பேரீச்சையோ தேனோ கலந்திருக்கலாம். பாதாம் வெண்ணெயில் அதே 32 கிராமுக்கு மாவுச்சத்து 3 கிராம்தான். ஆனால் விலை அதிகம். முந்திரி வெண்ணெய் 8 கிராம் வரை போகும், ஆகவே அதைத் தவிர்க்கலாம்.

நிலக்கடலைக்குப் பஞ்சமில்லாத நம் பகுதியில் பாட்டிலுக்குச் செலவழிப்பானேன்? கடலையை மிதமான தீயில் வறுத்து, தோலைப் புடைத்து நீக்கி, மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டினால், முதலில் பொடியாகும், பிறகு உருண்டையாகத் திரளும், பொறுத்திருந்தால் தானே எண்ணெய் விட்டுக் குழையும். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. மேலே எண்ணெய் பிரிந்து நிற்பது கெட்டுப்போனதன் அடையாளமன்று, கிளறிக்கொண்டால் போதும். பூசணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் பருப்புகளை மட்டும் வறுக்கும் முன்பே பொறுக்கி எறிந்துவிடுங்கள். அவற்றில் கல்லீரலுக்குக் கேடான அஃப்ளடாக்சின் நஞ்சு இருக்கக்கூடும், வறுத்தாலும் அது முழுமையாக நீங்குவதில்லை. வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு கரண்டியை மட்டும் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும். பசிக்கு இரண்டு அவித்த முட்டை போதும்; நாமக்கல் பக்கத்தில் இருக்கும்போது முட்டைக்கு என்ன குறை?

கேள்வி: கேரட்டின் மாவுச்சத்து ஒரு புத்தகத்தில் ஐந்தரை கிராம் என்றும், செல்பேசிச் செயலியில் ஒன்பதரை கிராம் என்றும் இருக்கிறது. எது சரி?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டும் சரி. அமெரிக்க அட்டவணைகளில் நார்ச்சத்தையும் உள்ளடக்கியே மாவுச்சத்தைக் குறிப்பிடுவார்கள். அதிலிருந்து நார்ச்சத்தைக் கழிக்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் நார்ச்சத்து ஏற்கெனவே கழிக்கப்பட்டுத் தனியாகத் தரப்பட்டிருக்கிறது. அதிலும் மறுபடி கழித்தால் கேரட் ஒன்றரை கிராமுக்கு வந்து நிற்கும். அந்த நம்பிக்கையில் அரைக் கிலோ சாப்பிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 61. சர்க்கரை நோய்க்குப் பத்து ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சோற்றை நிறுத்திவிட்டுக் காலையில் பாதாம் வெண்ணெயும் காய்களும் சாப்பிடும்படி மகன் வற்புறுத்துகிறான். தொடங்கலாமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: நீங்களாகத் தொடங்க வேண்டாம், ஐயா. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் இந்த உணவுமுறைக்குப் பெயரிட்டபோது, அது வலிப்பு நோய்க்கான சிகிச்சையாகவே, மருத்துவக் கண்காணிப்புக்கு உரியதாகவே முன்வைக்கப்பட்டது. மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்திவிட்டு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே தொடர்ந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையாக இருந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் கீட்டோ அமிலம் மிகுந்துவிடும் ஆபத்து உண்டு. மாத்திரைச் சீட்டையும் சிறுநீரகப் பரிசோதனை முடிவையும் எடுத்துக்கொண்டு, மகனையும் அழைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை சோற்றின் அளவைத் திடீரென்று மாற்றாமல், காயை மட்டும் ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். இனிப்பில்லாத பாதாம் வெண்ணெய் ஒரு தேக்கரண்டி சாப்பிடுவதில் தடையில்லை.