லாபம் வருகிறது, ஆட்களுக்குத்தான் மனசு இல்லை

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் பிளாஸ்டிக் உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்சாலை நடத்துகிறேன். 40 பேர் வேலை செய்கிறார்கள். சம்பளம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, லாபமும் குறையவில்லை. ஆனால் கணக்கு பார்க்கும் என் மகள், "ஆளுங்களுக்கு மனசு விட்டுப்போச்சுப்பா" என்கிறாள். இதைப் பெரிதுபடுத்த வேண்டுமா?
– வாசகர், பிறை

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள் ஐயா. மனசு விட்டுப்போனது அந்த வருடக் கணக்கில் தெரியாது. பழைய ஆட்களின் கைப்பழக்கம் கொஞ்ச காலம் சமாளித்துவிடும்.

அமெரிக்காவில், வேலை செய்ய ஏற்ற 100 நிறுவனங்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. நிதியியல் பேராசிரியர் அலெக்ஸ் எட்மன்ஸ் 1984 முதல் 2009 வரை அவற்றின் பங்குகளை ஆராய்ந்தார். அபாயத்துக்கெல்லாம் கழித்த பிறகும் ஆண்டுக்குச் சுமார் 3.5 சதவீதம் கூடுதல் ஆதாயம். ஆட்களின் மனநிறைவுக்கு உள்ள மதிப்பு பங்குச் சந்தைக்கே உடனே பிடிபடவில்லை!

உங்கள் இடத்துக்கு வருவோம். பாகத்தின் ஓரத்தில் பிசிறு தட்டினால், மெஷின் முன்னால் நிற்பவர் கண்ணில்தான் முதலில் படும். மனசு இருந்தால் நிறுத்திவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடுவார். இல்லையென்றால், "சொன்னால் நமக்குத்தான் ஏச்சு" என்று ஷிப்ட் முடியும்வரை ஓட்டிவிட்டு, கார்டு அடித்துப் போய்விடுவார். பத்துப் பெட்டி ரிஜெக்ட் ஆகித் திரும்பும். நீங்கள் மாற்றிக் கொடுப்பீர்கள். வாங்குகிற கம்பெனியோ சத்தமில்லாமல் இன்னொருவரிடமும் விலை கேட்டு வைக்கும்.

அப்புறம், முதலில் கிளம்புவது கெட்டிக்காரர்கள்தான். பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. 1972-இலேயே இன்டெல் வந்து இறங்கிய இடம். கை தேர்ந்தவருக்கு அங்கே வேலைக்கா பஞ்சம்?

குடும்ப தினம், டீ-சட்டை எல்லாம் இப்போது வேண்டாம், எரிச்சல்தான் கூடும். வேலையை விட்டுப் போனவர்கள் பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் என்பது கிடக்கட்டும், யார் யார் என்று பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டம். உங்கள் வேலை அட்டவணை இன்னும் 48-இலேயே நிற்கிறதா? அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் ஒழுங்காகப் போகிறதா?

கூட்டம் போட்டுக் குறை கேட்காதீர்கள். முதலாளி முன்னால் "எல்லாம் ஓகே பாஸ்" என்றுதான் சொல்வார்கள். மகள் தனித்தனியாகப் பேசட்டும். பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் வரும்: கடைசி நேரத்தில் ஷிப்ட் மாற்றுவது, எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் முகம் சுளிப்பது. ஒன்றையாவது இந்த மாதமே சரி செய்யுங்கள். புகார் சூப்பர்வைசர் மேல் என்றால், அவர் உங்கள் மைத்துனராகவே இருந்தாலும் கூப்பிட்டுப் பேசத்தான் வேண்டும்.