நிபா கிருமியைத் தேடுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: 2018-ல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது, வௌவால்களில் கிருமி இல்லை என்றுதானே முதலில் செய்தி வந்தது?

பதில்: முதலில் சோதித்தவை கிணற்றில் அடைந்திருந்த பூச்சி தின்னும் வௌவால்கள். நிபாவைச் சுமப்பது பழந்தின்னி வௌவால். பிறகு அந்தப் பகுதியில் பிடித்த 52 பழந்தின்னிகளில் 10-ல் கிருமி தெரிந்தது. நோயாளிகளிடம் எடுத்த கிருமியின் மரபணு வரிசையோடும் அது ஏறக்குறைய ஒத்துப்போனது. ஆனாலும் முதல் நோயாளிக்கு எந்த வழியில் தொற்றியது என்பது நிரூபணமாகவில்லை. 'இல்லை' என்ற முடிவையும் ஆய்வாளர்கள் அவசியம் வெளியிட வேண்டும். எந்த இனம், எத்தனை, எந்த மாதம், எச்சிலா சிறுநீரா என்ற விவரம் கூடவே வராவிட்டால், அடுத்த குழு தவறான இடத்தில்தான் தேடும்.

கேள்வி: சார், வௌவாலைப் பிடிக்காமலே சோதிக்க வழியுண்டா?

பதில்: உண்டு. அவை இரைக்குப் போயிருக்கும்போதே, விடிகாலை 3 மணிவாக்கில், அடையும் மரத்தடியில் சுத்தமான பாலித்தீன் விரிப்பைப் போடுவார்கள். திரும்பி வந்து தொங்கும் வௌவால்களின் சிறுநீர் அதில் விழும். விடிந்ததும் துளிகளை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, கிருமியைக் கெடாமல் வைக்கும் திரவமுள்ள குப்பியில் விட்டு, உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். என்95 முகக்கவசம், முகத்தடுப்பு, இரட்டைக் கையுறை கட்டாயம்.

வெயில் ஏறினால் துளி காய்ந்து கிருமியின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். மழை பெய்தால் நீர்த்துப்போகும். ஒரு விரிப்பில் பல வௌவால்களின் சிறுநீர் கலப்பதால், 'இத்தனை சதவீத வௌவால்களுக்குத் தொற்று' என்று இதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கிருமி எப்போதும் வெளிப்படுவதும் இல்லை. அதனால் ஒருமுறை போய்விட்டு வந்தால் போதாது, மாதாமாதம் போக வேண்டும்.

கேள்வி: நிபா முதன்முதலில் பரவிய மலேசியாவில் அதைக் கண்டுபிடிக்க ஏன் அவ்வளவு தாமதம்?

பதில்: 1998-ல் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்கள் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். அந்த முரண்பாடே பெரிய துப்பு. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கா பிங் புதுக் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் கவனம் பன்றிகள் பக்கம் திரும்பியது. அந்தப் பரவலில் மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொட்டகையை ஒட்டியே பழமரங்கள்; வௌவால் கடித்துப் போட்டதைப் பன்றி தின்றிருக்கலாம் என்று கருதப்படுகிறது.

கேள்வி: வௌவால் அடையும் மரங்களை வெட்டிவிட்டால் தீராதா?

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். நிபாவின் உறவுக்கிருமியான ஹெண்ட்ராவை ஆஸ்திரேலியாவில் 25 ஆண்டுத் தரவுகளோடு ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். காட்டில் இரை குறைந்த குளிர்காலங்களில் வௌவால்கள் ஊர்ப்பக்கம் வந்தன. குதிரைகளுக்குத் தொற்று தாவியது. மிஞ்சிய காட்டில் மரங்கள் நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் தாவவில்லை. எனவே குளிர்காலத்தில் பூக்கும் மரங்களைக் காப்பதும் நோய்த்தடுப்புதான்.

கேள்வி: பதநீர், கொய்யா சாப்பிடலாமா?

பதில்: வங்கதேசத்தில் நிபா தொற்றுவதற்குப் பச்சை ஈச்சஞ்சாறுதான் முக்கிய வழி. அங்கே சீவிய இடம், சாறு வழியும் பாதை, சட்டிவாய் மூன்றையும் மூங்கில் தட்டியால் மூடிக் கட்டி, இரவுக் கேமராவில் பார்த்தார்கள். வௌவால் சாற்றைத் தொடுவது வெகுவாகக் குறைந்தது. நிபா வந்த பகுதியில் இருந்தால் திறந்த சட்டியில் இறக்கியதைக் காய்ச்சிக் குடியுங்கள். பழத்தைக் கழுவித் தோல் சீவுங்கள். கடிபட்ட பழத்தில் கடித்த இடத்தை மட்டும் நறுக்கி எறிவது போதாது, முழுசாக எறியுங்கள்.