கொறங்காட்டில் பார்த்தீனியம்: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: காங்கயம் பக்கம் 4 ஏக்கர் கொறங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. கொழுக்கட்டைப்புல் குறைந்து, பாதிக் காட்டில் பார்த்தீனியம் ஏறிவிட்டது. மாடுகளும் செம்மறிகளும் மேய்கின்றன. கிளைபோசேட் களைக்கொல்லி அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். கிளைபோசேட் மிச்சமிருக்கும் கொழுக்கட்டைப்புல்லையும் சேர்த்துக் கொன்றுவிடும். வெறும் மண்ணில் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பது பார்த்தீனியம்தான். ஒரு செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்கும். மண்ணில் புதைந்தவை சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். புல்லைத் தரையொட்ட மேயவிட்டதே பார்த்தீனியம் ஏறியதற்குப் பெரும்பாலும் காரணம். மாடு புல்லைத் தேடிக் கடிக்கும், பார்த்தீனியத்தை ஒதுக்கிவிடும். பசிக்குத் தின்றால் பால் கசக்கும், தோலில் புண் வரும்.

மண்ணில் ஈரம் இருக்கும்போது, பூ எடுக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். முளைத்த ஒரு மாதத்தில் பூக்கத் தொடங்கிவிடும் என்பதால், மழை பெய்த மூன்றாம் வாரத்துக்குள் ஒரு சுற்று முடிய வேண்டும். அரிவாளால் அறுத்தால் தூரிலிருந்து திரும்பக் கிளைக்கும். கையுறையும் முகத்துணியும் அவசியம். அரிப்பும் மூச்சிரைப்பும் சிலருக்குக் கடுமையாக வரும். பூத்த செடியை எருக்குழியில் போட்டால் விதை எருவோடு காட்டுக்கே திரும்பும்.

ஆள் கிடைக்காத திட்டுகளில் மட்டும், பூக்கும் முன், 2,4-டி சோடியம் உப்பு என்ற களைக்கொல்லியைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம்: லிட்டருக்கு 8 கிராம், 10 லிட்டர் டேங்குக்கு 80 கிராம். இது புல்லை விட்டுவிடும். காட்டிலுள்ள நரிப்பயற்றுக் கொடியையும் வெள்வேல் மரக்கன்றையும் விடாது. பக்கத்தில் பருத்தியோ தக்காளியோ இருந்தால் பறந்துவரும் சாரலே இலையைச் சுருட்டிவிடும். காற்றில்லாத காலையில் அடியுங்கள். குறைந்தது இரண்டு வாரம் கால்நடையை அங்கே விடாதீர்கள். லேபிளில் அதிக நாள் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்து அடிக்கும் முறை சாலையோரத்துக்குச் சரி. மேய்ச்சல் காட்டில் மண்ணும் கெடும், உப்புச்சுவைக்காக மாடு அந்தச் செடியையே நக்கத் தொடங்கும்.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாதீர்கள். ஏக்கருக்கு 3 கிலோ கொழுக்கட்டைப்புல் விதையை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேலாகக் கீறித் தூவி, லேசாக மண் மூடுங்கள். ஆழம் போனால் முளைக்காது. இந்த வருடம் உருவிய விதை உறக்கத்தில் இருக்கும், போன வருட விதையே நல்லது. புல் ஒருமுறை பூத்து விதை உதிர்க்கும் வரை அந்தப் பகுதியை அடைத்து வையுங்கள். பிறகு காட்டை நான்காகத் தடுத்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள். புல் நான்கு விரற்கடைக்குக் கீழே போவதற்குள் மந்தையை நகர்த்திவிட வேண்டும்.

வெளியூர் டிராக்டர் உழ வந்தால், கொழுவிலும் டயரிலும் ஒட்டிய சேற்றைப் படலுக்கு வெளியிலேயே கழுவச் சொல்லுங்கள்.